மழலைக் கண்கள் காணக் கற்கும் காலம்

கார்த்திகைத் தீபத் திருவிழா நாட்களில் திருவண்ணாமலை மாடவீதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். நெடுநாள் மகப்பேறின்றி ஏங்கியிருந்து, பின் குழந்தை பெற்ற பெற்றோர், கரும்புக் கழிகளில் புடவையைத் தொட்டிலாகக் கட்டி, அதனுள் மகவைக் கிடத்தி, கணவனும் மனைவியுமாகத் தோளில் தாங்கி வலம் வருவர். எம்மதத்தவராயினும் அதனைக் கண்டு நெஞ்சம் இளகாதார் இரார். மாலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரையில் சுடர் எழுந்ததும், கூட்டத்திலுள்ள தாய்மார் எல்லோரும் தத்தம் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, “அதோ பார், தீபம்!” என்று விரல் நீட்டிக் காட்டுவர். ஆறு மாதக் குழந்தையோ தீபத்தைப் பாராது, தாயின் விரலையே உற்றுப் பார்க்கும். விரல் சுட்டும் திசையில் பார்வையைச் செலுத்த வேண்டுமென்பதை அது இன்னும் கற்கவில்லை. அதற்கு ஒன்பது, பத்து மாதங்களேனும் ஆக வேண்டும்.

கண் இருந்தால் காட்சி தானே வந்துவிடும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். உண்மை அதுவன்று. நடக்கவும் பேசவும் கற்பதுபோலவே, குழந்தை காணவும் கற்கிறது. நடையும் பேச்சும் சில மாதங்கள் பிந்தினால் பெரும்பாலும் கேடில்லை. காணக் கற்பதற்கோ ஒரு காலவரையறை உண்டு. அது தவறினால் பின்னர் எத்துணைப் பொருள் செலவிட்டாலும் இழந்ததை முழுமையாக மீட்க இயலாது. நம் பங்குக் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

தாயின் கருவில் நான்காம் வாரத்திலேயே கண்ணின் முதல் அடையாளம் தோன்றிவிடுகிறது. பின்னர் இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஏறத்தாழ 26ஆம் வாரத்தில்தான் பிரிகின்றன. பிறக்கும்போது கண்ணின் நீளம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர், வளர்ந்தோர்க்கு 24. ஆயினும் குறை அளவிலன்று. விழித்திரையின் நடுவே, நுண்ணிய எழுத்துகளைப் படிக்க நமக்கு உதவும் சிறு பகுதி, பிறக்கும்போது இன்னும் உருப்பெற்று முடியவில்லை. அது முதிர்வதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். ஆகவே, நாம் 120 மீட்டர் தொலைவிலிருந்தே தெளிவாகக் காணும் ஒரு பொருளைப் பச்சிளங்குழந்தை 6 மீட்டர் தொலைவில் வைத்தால்தான் ஓரளவு காணும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதற்கு மிக நன்றாகப் புலப்படும் தொலைவு ஒரு சாணும் அதற்குச் சற்று மேலும், அதாவது 20 முதல் 30 செ.மீ. வரை. பாலூட்டும் தாயின் மார்பிலிருந்து அவள் முகம் எவ்வளவு தொலைவோ அவ்வளவு! படைத்தவர் எதனையும் வீணாகச் செய்வதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. அந்த மங்கலான உலகில் முதன்முதல் தெளிவாக எழுவது அன்னையின் முகமே. அதிலும் முதல் மாதத்தில் குழந்தை பார்ப்பது கண்ணையோ வாயையோ அன்று. கருங்கூந்தலும் நெற்றியும் சேரும் வரம்பையே அதன் விழிகள் சுற்றிச் சுற்றி வரும். கருமையும் வெண்மையும் சந்திக்கும் இடமே அதற்கு எளிதில் தென்படுவதனால் இவ்வாறு நிகழ்கிறது. இரண்டாம் மாதத்தில்தான் பார்வை உள்ளே இறங்கித் தாயின் கண்களைச் சந்திக்கிறது. அப்போதுதான் அச்சிரிப்பும் வருகிறது. “இன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தான்” என்று தாய் சொல்லும் நாள், மருத்துவரும் குறித்துக்கொள்ள வேண்டிய நாளாகும்.

பேச அறியாத குழந்தை எதைக் காண்கிறதென்று எவ்வாறு அறிந்தனர்? அமெரிக்காவின் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்னும் உளவியலறிஞர் 1960ஆம் ஆண்டையொட்டி இதற்கோர் எளிய வழி கண்டார். குழந்தையை ஒரு கூண்டினுள் மல்லாந்து கிடத்தி, மேலே இரு படங்களைத் தொங்கவிட்டு, சிறு துளை வழியாக அதன் விழிகளை நோக்கினார். எப்படத்தின் நிழல் கருவிழியின் நடுவே தெரிகிறதோ, அதனையே குழந்தை பார்க்கிறது என்பது பொருள். வெறும் சாம்பல் நிறத் தாளைவிடக் கோடுகளும் கட்டங்களும் நிறைந்த தாளையும், மனித முகம்போல் வரைந்த தாளையும் குழந்தைகள் நெடுநேரம் பார்த்தன. பொம்மைக் கடையில் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள் தேடும் தந்தையர் இதனை எண்ணிப் பார்க்கலாம். சாணம் மெழுகிய தரையில் இட்ட வெள்ளைக் கோலம், எட்டு வாரக் குழந்தைக்குப் போதிய காட்சிப்பொருளே.

ஆறு வாரம் முதல் எட்டு வாரத்திற்குள் குழந்தை ஒரு முகத்தையோ அசையும் பொருளையோ கண்களால் பின்தொடரத் தொடங்க வேண்டும். நான்காம் மாதத்திற்குள் பெரும்பாலான நிறங்களைப் பகுத்தறிகிறது. தன் கையைத் தானே முகத்துக்கு நேரே பிடித்து, அது யாருடைய கையோ என்பதுபோல் வியந்து பார்ப்பதும் இக்காலத்தில்தான். மூன்று முதல் ஐந்து மாதங்களில் இரு கண்களும் இணைந்து இயங்கி, எது அருகில், எது தொலைவில் என்று உணரும் திறன் உண்டாகிறது. அதன் பின்னரே தாயின் தாலிச் சங்கிலியையும் ஜெபமாலையையும் தப்பாமல் பற்றி இழுக்கிறது! ஒன்பது, பத்து மாதங்களில் தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியைக் கண்டு, இரு விரல்களால் எடுத்து வாயிலிடும். பிறந்த புதிதில் அழும்போது கண்ணீர் வராததைக் கண்டு சிலர் அஞ்சுவர். சில வாரங்கள் கழிந்தே கண்ணீர் சுரக்கும், அஞ்ச வேண்டியதில்லை.

தூளியைப் பற்றிப் பலர் வினவுவர். தூளியில் உறங்குவதால் கண்ணுக்குத் தீங்கில்லை. ஆனால் விழித்திருக்கும் குழந்தை தூளியினுள்ளே காண்பது துணி ஒன்றையே. வேலை முடியட்டும் என்று விழித்த குழந்தையை ஆட்டிக்கொண்டே இராமல், வெளியே எடுத்து முகம் காட்டிப் பேசுவதே நன்று. செல்பேசியைக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் இன்று நம் சிற்றூர்களிலும் புகுந்துவிட்டது. ஓராண்டு நிறையாத குழந்தைக்கு எத்திரையும் காட்டலாகாது என்று உலக நல நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. நம் பாட்டிமார் நிலாவைக் காட்டி ஊட்டினர். அதில் பழுதொன்றும் இல்லை.

கண்மை இடுவது குறித்துச் சொன்னால் வருந்துவோர் உண்டு. கண் பெரிதாகும், கண்ணேறு படாது என்று பச்சிளங்குழந்தையின் இமையினுள் விரலால் மை தீட்டுவதால் கண் ஒருபோதும் பெரிதாவதில்லை. விரல் நகமும் அழுக்கும் விழியில் படும். கடைகளில் விற்கும் சில மைகளில் ஈயம் கலந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. விளக்கெண்ணெய், தாய்ப்பால் ஆகியவற்றைக் கண்ணில் விடுவதும் வேண்டாம். நெற்றியிலோ கன்னத்திலோ ஒரு பொட்டு வைத்து மனநிறைவு கொள்ளலாம்.

இனி, நாம் அழகென்றும் அதிர்ஷ்டமென்றும் எண்ணி ஏமாறும் மூன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முதலாவது, அளவுக்கு மீறிப் பெரிய கண். “மான்குட்டி போல எவ்வளவு பெரிய கண்!” என்று உறவினர் புகழ்வர். அக்குழந்தை வெளிச்சத்தில் கண் திறக்க மாட்டாமல் கூசி, எந்நேரமும் நீர் வடித்துக்கொண்டிருந்தால், கண்ணினுள் அழுத்தம் மிகுந்து கருவிழி விரிந்துகொண்டிருக்கிறது என்று ஐயுற வேண்டும். அது பிறவிக் கண் அழுத்த நோய். அறுவை மருத்துவம் விரைந்து தேவை. இரண்டாவது, மாறுகண். முதல் மூன்று மாதங்களில் விழிகள் அவ்வப்போது ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது இயல்பே. நான்கு மாதங்களுக்குப் பின்னும் அது நீடித்தால், “மாறுகண் அதிர்ஷ்டம்” என்று வாளாவிருத்தல் ஆகாது. விலகி நிற்கும் கண் அனுப்பும் காட்சியை மூளை மெல்ல மெல்லப் புறக்கணித்துவிடும். மூன்றாவது, கண்மணியில் தோன்றும் வெண்மை. மின்னொளியுடன் எடுத்த நிழற்படத்தில் ஒரு கண் சிவந்தும் மற்றொன்று வெண்மையாகவும், இருட்டில் பூனைக்கண்போல் ஒளிர்ந்தும் தெரிந்தால், ஒரு நாளும் தாமதியாமல் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அது கண்புரையாக இருக்கலாம். விழித்திரையில் எழும் புற்றுநோயாகவும் இருக்கலாம். பின்னதில் காலதாமதம் உயிரையே பறிக்கும்.

கண்புரை என்றதும் முதியோர் நோய் என்றே எண்ணுகிறோம். குழந்தைகள் கண்புரையோடு பிறப்பதும் உண்டு. முதியவர் ஓராண்டு தாழ்த்தி அறுவை செய்துகொண்டாலும் பெரும்பாலும் பார்வை திரும்பும். குழந்தைக்கு அவ்வாறன்று, முதல் ஆறு, எட்டு வாரங்களுக்குள் அகற்றினால்தான் நற்பார்வைக்கு வழியுண்டு. இதன் காரணத்தை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவர் 1960களில் வெளிப்படுத்தினர். பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் தைத்து மூடிவைத்துப் பின்னர் திறந்தனர். கண் பழுதின்றியே இருந்தது; ஆனால் குட்டியால் அக்கண்ணால் காண இயலவில்லை. மூளையில் அக்கண்ணுக்குரிய இடத்தை மறு கண் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறே மூடித் திறந்தபோது எந்தக் கேடும் நேரவில்லை. இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். பூனைகளுக்காக இரங்குவோர் இரங்கலாம். ஆயினும் இன்று ஈராயிரம் மைல்களுக்கு அப்பாலும் ஒரு குழந்தைக்கு ஆறாம் வாரத்திலேயே அறுவை செய்யத் துணிவது அக்கண்டுபிடிப்பினால்தான்.

பிறவிக் கண்புரைக்கு ஒரு முக்கியக் காரணம் ரூபெல்லா என்னும் அம்மை. கருவுற்ற முதல் மாதங்களில் தாய்க்கு அது கண்டால், அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சலும் சிறு தடிப்பும் மட்டுமே. உள்ளிருக்கும் மகவின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் அது தாக்கிவிடும். இத்தொடர்பை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990களில் நடந்த ஓர் ஆய்வில், ஓராண்டுக்குட்பட்ட கண்புரைக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு ரூபெல்லாவே காரணம் எனத் தெரிந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டிலும் தொடங்கியபோது, வதந்திகளை நம்பிப் பள்ளிக்கே பிள்ளைகளை அனுப்பாத பெற்றோர் இருந்தனர். இன்று உங்கள் மகளுக்கு இடும் அவ்வூசி, நாளை பிறக்கவிருக்கும் உங்கள் பேரக்குழந்தையின் கண்ணைக் காக்கிறது.

காலங்கடந்து பார்வை பெறுவோர் நிலை யாது? 1688இல் அயர்லாந்தின் வில்லியம் மொலினோ என்பார் தத்துவஞானி ஜான் லாக்குக்கு ஒரு வினா விடுத்தார். தொட்டுத் தொட்டே உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்த பிறவிக் குருடன், திடீரெனப் பார்வை பெற்றால், தொடாமலே எது எது எனச் சொல்ல வல்லவனா? முந்நூறு ஆண்டுகளாக அறிஞர் வாதிட்ட இவ்வினாவுக்கு விடை கிடைத்தது நம் இந்தியாவில்! அமெரிக்காவில் பணியாற்றும் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தின்கீழ், வட இந்திய ஊர்களில் பிறவிப் பார்வையின்மையோடு வளர்ந்த சிறார்க்கு அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐவரைச் சோதித்த முடிவு 2011இல் வெளிவந்தது. கட்டு அவிழ்த்தவுடன் கையால் தொட்ட பொருளைக் கண்ணால் அடையாளங்காண அவர்களால் இயலவில்லை. சில நாட்களில், சில வாரங்களில் மெல்லக் கற்றுக்கொண்டனர். ஆயினும் நுண்மையான பார்வை முழுமையாக வாய்க்கவில்லை. மாற்கு நற்செய்தியில் பெத்சாய்தாவில் பார்வை பெற்றவர் முதலில் மனிதரை நடமாடும் மரங்களாகக் கண்டார் என்றும், ஆண்டவர் இரண்டாம் முறை கைவைத்த பின்னரே தெளிவுற்றார் என்றும் படிக்கிறோம். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது, இரண்டாம் முறை எதற்கு என்று நாங்கள் வாதிட்டதுண்டு. இச்சிறாரைப் பற்றிப் படித்தபின் அவ்வினா எனக்கு எழவில்லை.

இவ்விடத்தில் பங்குத்தந்தை என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும், அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் மணம் முடிக்க விலக்கு வேண்டி இன்றும் விண்ணப்பங்கள் வருகின்றன. திருச்சபைச் சட்டம் நெருங்கிய இரத்த உறவில் திருமணத்தைத் தடைசெய்திருப்பதை வெறும் சம்பிரதாயம் என்றும், மனு எழுதினால் தீர்ந்துவிடும் என்றும் குடும்பங்கள் கருதுகின்றன. ஒரே பழுதுள்ள மரபுக்கூறு இருவரிடமும் மறைந்திருந்து மகவில் வெளிப்படும் வாய்ப்பு, இத்தகைய மணங்களில் மிகுதி. பிறவிக் கண்புரை, விழித்திரைத் தேய்வு ஆகியவற்றுள் சில இவ்வழியே வருவன. சொத்து வெளியே போகாதிருக்கலாம். அதற்கு ஈடாகப் பேரன் பார்வையின்றிப் பிறந்தால் அச்சொத்தை அவன் கண்ணால் காண்பதெங்ஙனம்?

உணவினால் வரும் கேடு முன்னைவிடக் குறைந்துள்ளது. வைட்டமின் ‘ஏ’ குறைந்தால் முதலில் மாலைக்கண், பின்னர் விழி வறண்டு, கருவிழி குழைந்து அழியும். டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவர்தம் குழுவினரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடையே ஆய்வு நடத்தி, வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ‘ஏ’ கொடுத்தால் குழந்தை இறப்பே பாதிக்கு மேல் குறைகிறது என்று 1990இல் வெளியிட்டனர். கண்ணுக்கென எண்ணிய மருந்து உயிரையும் காத்தது! ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அரசு கொடுக்கும் மருந்தைத் தவறவிடாதீர்கள். முருங்கைக்கீரையும் பப்பாளியும் நம் கொல்லையிலேயே உண்டு.

இறுதியாக, இன்று மிகுந்துவரும் ஓர் ஆபத்து. எட்டு மாதத்திலும் ஏழு மாதத்திலும் பிறக்கும் குழந்தைகள் முன்னர் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இன்று மாவட்ட மருத்துவமனைகளிலேயே சிறப்புப் பிரிவுகள் வந்து, ஒன்றே கால் கிலோ எடையுள்ள குழந்தையையும் காப்பாற்றிவிடுகிறார்கள். இறைவனுக்கு நன்றி. ஆனால் விழித்திரைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழல்கள் கருவின் 16ஆம் வாரத்தில் நடுவிலிருந்து புறப்பட்டு, 40ஆம் வாரத்தில்தான் ஓரத்தை எட்டுகின்றன. முன்கூட்டிப் பிறந்தால் அவை பாதி வழியில் நின்றுவிடும். பின்னர், தறிகெட்ட கொடிகள்போல் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். அளவு மீறிக் கொடுக்கப்படும் ஆக்சிஜன் இதனை மிகுவிக்கும் என்பது 1950களிலேயே தெரிந்துவிட்டது. கொடுமை என்னவெனில், வெளிப்பார்வைக்குக் கண் அழகாகவே இருக்கும். குழந்தை முகம் நோக்கிச் சிரிக்கவில்லையே என்று தாய் ஐயுறும் நான்காம் மாதத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

1996 ஆகஸ்டில் சென்னையில் 29ஆம் வாரத்தில், 1,250 கிராம் எடையோடு ஒரு பெண்மகவு பிறந்தது. மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்து வீடு திரும்பியது. கண் பரிசோதனை தேவை என்று பெற்றோரிடம் எவரும் கூறவில்லை. உண்மை தெரிந்தபோது இரு கண்களும் இறுதிக் கட்டத்தை அடைந்துவிட்டன. தந்தை நீதி கேட்டு நெடுங்காலம் போராடினார். 2015 ஜூலை முதல் நாளன்று உச்ச நீதிமன்றம், உரிய பரிசோதனை செய்யாதது மருத்துவக் கவனக்குறைவே என்று தீர்ப்பளித்து, ஏறத்தாழ ஒரு கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அப்போது அம்மகளுக்கு வயது பதினெட்டு.

குறித்த காலத்தில் கண்டால், லேசர் ஒளியாலோ கண்ணுள் செலுத்தும் ஊசி மருந்தாலோ பெரும்பாலான குழந்தைகளின் பார்வையைக் காக்கலாம். 2 கிலோவுக்குக் குறைந்த எடையோடோ 34 வாரங்களுக்கு முன்போ பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இப்பரிசோதனை வேண்டும். அதனினும் சற்றுப் பெரிய குழந்தையாயினும் ஆக்சிஜன், இரத்தம் முதலியன பெற்றிருந்தால் மருத்துவரைக் கேட்டறிக. பிறந்த நான்காம் வாரத்தில் முதல் பரிசோதனை. மிகச் சிறிய குழந்தையாயின் இரண்டு, மூன்று வாரங்களிலேயே. ஒருமுறை பார்த்து நன்று என்றாலும், குழல்கள் ஓரத்தை எட்டும் வரை சொல்லிய நாட்களிலெல்லாம் செல்ல வேண்டும். நம் மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். வேலூர் ஷெல் கண் மருத்துவமனையும், 1819இல் தோன்றிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் உள்ளன. அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் அரசு மருத்துவக் குழுவினரிடமும் கேட்கலாம். ஆனால் குறைமாதக் குழந்தையை அவர்கள் வருகைக்காகக் காத்திருக்கச் செய்யாதீர்கள்.

ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து இறங்கி வருவது ஒரு நாள் வேலை என்பதை நான் அறிவேன். கைக்குழந்தையோடு பேருந்து ஏறி இறங்கும் துன்பமும் தெரியும். “தீட்டுக் கழியட்டும், நாற்பது நாள் ஆகட்டும்” என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதும் உண்டு. நாற்பது நாள் ஆனால் காலம் கடந்துவிடக்கூடும். வீடு திரும்பும் நாளில் மருத்துவமனை கொடுக்கும் சீட்டில் கண் பரிசோதனைக்குரிய நாள் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்நாளில் திருமுழுக்குக்கு ஏற்பாடாகி, உறவினர் வந்து, சமையல் நடந்துகொண்டிருந்தாலும், முதலில் பரிசோதனைக்குச் செல்லுங்கள். எனக்கு ஒரு சொல் சொல்லியனுப்பினால் போதும்; திருமுழுக்கை அடுத்த ஞாயிறன்று வைத்துக்கொள்வோம்.